காட்டோடை லாங் எக்ஸ்போஷர் படங்கள்: காட்சி அமைப்பில் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். மரங்கள் அடர்ந்த காட்டோடைகளை லாங் எக்ஸ்போஷர் முறையில் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து) படமெடுத்து வருகிறேன். ஒளி அளவில் சிக்கல் இல்லை. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11 என வைத்து, ஈரப் பாறைகளின் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டரால் குறைத்து, ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டரைப் பொருத்தினால், 1/15 நொடி ஷட்டர் நேரம் ஏறத்தாழ அரை நொடியாக நீண்டுவிடுகிறது. குழப்பமெல்லாம் காட்சியை அமைப்பதில்தான்.

ஓடை கீழ் மூலையில் தொடங்கி வளைந்து மேலேறுமாறு வைத்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கிறது. ஆனால் வெண்மையாகக் குழைந்த நீர், கண்ணை நேரே மேல் விளிம்புக்கு இழுத்துச் சென்று, இலைகளுக்கிடையே வெளுத்துத் தெரியும் வானத்தில் விட்டுவிடுகிறது. வானத்தைத் தவிர்த்தாலோ வெறும் அடிமரங்கள் மட்டுமே எஞ்சி, காடு என்ற உணர்வே போய்விடுகிறது. அகலக்கோண லென்ஸுடன் ட்ரைபாடைத் தாழ்த்திப் பாசி படர்ந்த பாறையொன்றை முன்னால் நிறுத்தும்போது, பாறை பூதாகரமாகி, பின்னாலுள்ள சிற்றருவி சுருங்கிவிடுகிறது. இத்தகைய இடங்களில் சற்றுப் பின்வாங்கி 70 மி.மீ. குவியத் தொலைவில் எடுப்பது பயன் தருமா, அல்லது கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலே போதுமா?

இன்னொரு ஐயம். தேங்கிய நீரில் சுழலும் நுரை, பல நொடிகள் திறந்து வைத்தால் அழகிய வட்டக் கோடுகளாகப் பதிகிறது. ஆனால் அதற்குள் அருவியின் நீரிழைகள் கரைந்து பாலாகிவிடுகின்றன, கரையோரப் பெரணிச் செடிகளும் காற்றில் அசைந்து மங்கிவிடுகின்றன. செடிகளுக்கென வேகமான ஷட்டரில் தனிப்படம் எடுத்துப் பின்னர் இணைக்கலாம் என்பதை அறிவேன். எனினும், சுழலையும் அருவியையும் ஒரே சட்டகத்தில் வைப்பது பொருந்துமா, அல்லது ஒன்றைக் கைவிடுவதே நல்லதா? இரண்டையும் சேர்த்து எடுத்த படங்கள் இருந்தால், ஷட்டர் வேகத்துடன் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.