எம்.எஸ்சி. முடித்துக் குவாண்டம் ஆராய்ச்சி: காரைக்குடியிலிருந்து என்ன வழி?

பள்ளத்தூர் மாணவி:
காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி வருஷம். குவாண்டம் கம்ப்யூட்டிங்கில் பிஎச்.டி. போகணும். ஆன்லைன் சான்றிதழ் வகுப்பு ஒன்றுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? எந்தத் தேர்வு எழுதுவது? என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான்.

செக்காலை வாத்தியார்:
கட்டாதீங்கம்மா. நேர்காணலில் சான்றிதழைப் புரட்டிப் பார்க்க மாட்டாங்க. ஹார்மோனிக் ஆஸிலேட்டர், ஸ்பின் மாதிரி அடிப்படைக் குவாண்டம் கணக்குகளைப் பலகையில் போடச் சொல்வாங்க. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களைப் பார்க்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

பிஎச்.டி. சேர எழுத வேண்டிய தேசிய அளவிலான தேர்வுகள் சிஎஸ்ஐஆர் நெட், ஜெஸ்ட், கேட். நெட்டில் மொத்தம் 200 மதிப்பெண், அதில் 100 'சி' பகுதிக்கே: 30 கேள்வியில் 20க்கு விடை, ஒவ்வொன்றுக்கும் 5. தப்பானால் கால் பங்கு போகும். 30ஐயும் தொடப் பார்க்கிறவங்கதான் அதில் வழுக்குறாங்க. நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. தியரி என்றால் சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கு, அதுக்கு ஜெஸ்ட் எழுதுங்க. பல்லவன் ரயிலில் ஏறினால் சென்னைக்கு ஒரே வண்டி.

கோட்டையூர்க்காரன்:
எல்லாரும் தியரி, கோடிங் என்றே ஓடுகிறார்கள். சோதனைக்கூடத்துக்குக் கை பழகிய ஆள்தான் கிடைப்பதில்லை.

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு க்யூபிட். அதில் மீக்கடத்தியால் செய்த வகை 10–20 மில்லிகெல்வினில், அதாவது தனிச்சுழிக்கு மிக அருகில் இயங்குவது. அந்தக் குளிருக்கு ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் ஓடும் டைலூஷன் ஃபிரிட்ஜ் வேண்டும். மேலேயிருந்து இறங்கும் மைக்ரோவேவ் லைனில் 4 கெல்வின் தட்டில் 20 டிபி, அதற்குக் கீழே இன்னும் 40 டிபி (டெசிபல்) அளவுக்கு, சிக்னலையும் இரைச்சலையும் குறைக்கும் அட்டென்யுவேட்டர் மாட்டுவார்கள். அதில் கஞ்சம் பிடித்தால் அறைச் சூட்டின் இரைச்சல் லைன் வழியே, க்யூபிட்டை அளக்க உதவும் ரெசனேட்டருக்குள் இறங்கி, க்யூபிட்டின் ஃபேஸ் (அலைக்கட்டம்) கலைந்துவிடும். ஃபிரிட்ஜ் என்னவோ குளிர்ந்துதான் இருக்கும், அளவீடு மட்டும் தேறாது.

அதனால் ப்ராஜெக்ட்டை வெற்றிடம், மெல்லிய படலம் பக்கம் எடுங்கள். நம்ம ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். தலைப்பு மின்வேதியியலாக இருந்தாலும் பரவாயில்லை. வெற்றிடக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஹீலியம் லீக் டிடெக்டர், மைக்ரோவேவ் சிக்னலை அளக்கும் நெட்வொர்க் அனலைசர், பைத்தானால் கருவியை ஓட்டுவது, இந்த மூன்றும் தெரிந்தால் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

2023 ஏப்ரலில் ஒப்புதலான தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி, 2030-31 வரை. கணினிக்கு பெங்களூரு ஐஐஎஸ்சி, தகவல்தொடர்புக்கு சென்னை ஐஐடி, உணரிக்கு பம்பாய் ஐஐடி, பொருள்களுக்கு டெல்லி ஐஐடி. அவற்றின் ப்ராஜெக்ட் வேலை அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள்.

கண்டனூர் கோடர்:
குவாண்டம் கணினியை சிமுலேட் செய்து பழக உங்க லேப்டாப் போதும். n க்யூபிட் நிலையை வைக்க 2-இன் n அடுக்கு எண்கள், ஒவ்வொன்றும் 16 பைட். 25 க்யூபிட்டுக்கு 512 எம்பி, 28க்கு 4 ஜிபி, 30க்கு 16 ஜிபி. 26ஓடு நிறுத்திக்கொள்ளுங்க, விண்டோஸும் மூச்சு விடணுமில்ல.

பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே தட்டாதீங்க. குவாண்டம் நிரல் எழுதும் பைத்தான் தொகுப்பான கிஸ்கிட்டின் 1.0 பதிப்பில் 'எக்ஸிகியூட்' கட்டளையையே தூக்கிட்டாங்க. நிரலை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கும் ஏர் சிமுலேட்டரைத் தனியா நிறுவணும்.

பள்ளத்தூர் மாணவி:
நன்றி. நேற்றே ஓட்டினேன். 3 க்யூபிட்டில் 0-ஆவதுக்கு மட்டும், 0ஐ 1 ஆக்கும் எக்ஸ் கேட் போட்டால் 100 வரும் என்று பார்த்தேன், 001 வருகிறது. என்ன பிழை?

கண்டனூர் கோடர்:
பிழையே இல்லை. கிஸ்கிட்டில் 0-ஆவது க்யூபிட் வலது ஓரம். பாடப்புத்தகம் இடமிருந்து எழுதும். கையால் போட்ட மேட்ரிக்ஸோடு ஒப்பிடும்போது வரிசையைத் திருப்பிக்கோங்க.