புதுப்பிப்பு: ஜிசிசி 14-இல் தொகுக்க மறுத்த பழைய சி நிரல்

நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் (தொகுக்கும்) கம்பைலரான ஜிசிசியின் 13-ஆம் பதிப்பு வரை எச்சரிக்கையோடு தொகுக்கப்பட்டு வந்த பழைய சி நிரல், 14-ஆம் பதிப்பில் பிழை காட்டி நின்றது பற்றிக் கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

காரணம், முன்கூட்டி அறிவிக்காத ஃபங்ஷனை நிரல் அழைப்பதுதான். இவ்வகை அழைப்பை சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையே நீக்கிவிட்டது. ஜிசிசி அதை இயல்பாகவே பிழையாக்கியது 2024-இல்தான். இப்பிழைகளை எச்சரிக்கையாகத் தளர்த்தும் ‘எஃப்பெர்மிசிவ்’ தேர்வை இட்டு ஒருமுறை மட்டும் தொகுத்து, வரும் எச்சரிக்கைகளைப் பட்டியலாகக் கொண்டு ஃபங்ஷன் அறிவிப்புகளைக் கொண்ட, விடுபட்ட ஹெடர் கோப்புகளைச் சேர்க்கலாம் என்ற யோசனையே பலித்தது. இப்போது அத்தேர்வு தேவைப்படவில்லை. எச்சரிக்கை வந்த அழைப்புகளுள் ஒன்று பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பித் தருவது. அறிவிப்பு இல்லாததால் அது இன்ட் (முழு எண்) எனக் கொள்ளப்பட்டு, 64 பிட் முகவரி 32 பிட்டாக வெட்டுப்பட்டிருக்கும் என்பதால், இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. தொகுப்புக்கு முன் கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் சோதனை நிரல்களிலும் ஹெடர் விடுபட்டிருந்ததால், அவை தொகுக்கப்படாமல் தோற்று, இருக்கும் வசதியையே இல்லையென்று முடிவு செய்திருந்தன. திரையில் பிழை எதுவும் தோன்றவில்லை. (நிரல் நின்றுபோவதைவிட இது மோசம்.) ஜிசிசியின் 13, 14 ஆகிய இரு பதிப்புகளிலும் உருவாகும் கான்ஃபிக் பதிவுக் கோப்புகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.