16.6 வினாடிக்கு எத்தனை படி?

பெரம்பூர் லோகோ:
நேற்று சர்க்கரை நோய்த் திரியில் அடையாறு ஆலமரம் சார் ஒரு முத்து உதிர்த்திருந்தார்: "நெஞ்சு வலிக்கு ஸ்டென்ட் வைத்தால் 16 வினாடி கூடுதலாக நடக்கலாம், அவ்வளவுதான். லண்டன்காரனே நிரூபித்துவிட்டான்." அங்கே பதில் எழுதினால் கஷாயக்காரர்கள் நடுவில் காணாமல் போய்விடும், அதனால் தனித்திரி. எனக்கு 2016 மார்ச்சில் ஸ்டென்ட், அதாவது அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை, வைத்தார்கள். அதற்கு முன் மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஒரே மூச்சாக ஏற முடியாது. பாதிப் படியில் வலி பிடிக்கும். கூட வருபவர்களுக்குத் தெரியக் கூடாது என்று, அங்கே கூடை வைத்திருக்கும் கடலைக்காரரிடம் விலை கேட்பது போல நிற்பேன். அந்த வருஷம் வாங்கிய கடலை ஒரு மூட்டை தேறும். இப்போது நிற்பதே இல்லை. இதுவா 16 வினாடி?

அடையாறு ஆலமரம்:
கடலை ஆராய்ச்சிக்கு நன்றி. எண்ணை முழுதாகச் சொல்லுங்கள், 16.6. ஆர்பிட்டா என்கிற அந்த ஆய்வு 2017 நவம்பரில் லான்செட் இதழில் வந்தது. 200 பேர். எல்லோருக்கும் ஒரே ஒரு ரத்தக் குழாயில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு. ஆறு வாரம் நெஞ்சு வலி மாத்திரைகளைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, கேத் லேபில் (இதயக் குழாய்ச் சிகிச்சை அறை) படுக்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டு, தூக்க மருந்தும் கொடுத்தார்கள். 105 பேருக்கு நிஜமாகவே ஸ்டென்ட். 95 பேருக்குச் சும்மா பாவலா. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு சோதித்தவர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் ஏற்றினால் ஸ்டென்ட் கோஷ்டிக்கு 28.4 வினாடி கூடியிருந்தது. பாவலா கோஷ்டிக்கும் 11.8 கூடியிருந்தது! கழித்துக்கொள்ளுங்கள். அந்த மிச்சம்கூடத் தற்செயலாக வந்திருக்கலாம் என்கிற அளவுதான்.

பெரம்பூர் லோகோ:
ஆக 28.4 என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நேற்று ஏன் 16 என்று எழுதினீர்கள்?

அடையாறு ஆலமரம்:
கழித்தல் கணக்கு ரயில்வேயில் சொல்லித் தரவில்லையா?

மாம்பலம் மாமி:
எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பாவலா 95 பேருக்கும் பில் போட்டார்களா?

கேத் லேப் தம்பி:
வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். பெரியவர்கள் இருவரும் ஒரே வலியைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? மாரடைப்பு வந்து குழாய் அடைத்துக்கொண்டவருக்கு உடனே திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிர் காக்கும், அதில் தகராறே இல்லை. நடந்தால் வலி, நின்றால் போய்விடும் என்கிறவர்களைத்தான் ஆர்பிட்டா பார்த்தது. இந்த இரண்டாம் வகைக்கு 2007இல் கரேஜ் ஆய்வு, 2,287 பேர். 2020இல் இஸ்கீமியா ஆய்வு, 5,179 பேர், அதில் நம் நாட்டு நோயாளிகளும் உண்டு. இரண்டிலும், மாத்திரையோடு ஸ்டென்டையும் சேர்த்ததால் சாவு குறையவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி குறைந்தது. லோகோ ஐயா, உங்களுக்கு வந்தது எந்த வகை?

பெரம்பூர் லோகோ:
வலியில் என்ன தம்பி வகை? உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இந்தியாவிலேயே முதல் பைபாஸ் 1975இல் எங்கள் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாம் கண்ணாடி மாளிகை கட்டுவதற்கு முன்னால்! அந்த ஊர்க்காரனிடம் வந்து 16 வினாடி, 16 வினாடி என்றால்?

அடையாறு ஆலமரம்:
அது பைபாஸ். நாம் பேசுவது ஸ்டென்ட். பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் வித்தையையே 1977இல்தான் ஜூரிச்சில் குருன்ட்சிக் முதலில் ஒரு மனிதருக்குச் செய்தார். ஸ்டென்ட் அதற்கும் பிறகு. பெரம்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தேங்காய் எண்ணெய்த் திரியிலும் இப்படித்தான், கேள்வி ஒன்று, பதில் பொள்ளாச்சி.

பெரம்பூர் லோகோ:
தேங்காய் எண்ணெய்த் திரியில் பாதியில் ஓடியது யார் என்று மட்டுறுத்துநருக்கே தெரியும். விஷயத்துக்கு வருகிறேன். ஆர்பிட்டா 2 பற்றி ஏன் மூச்சு விடவில்லை? அதே கூட்டம், 2023இல், 301 பேர். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஸ்டென்ட் வைத்தவர்கள் பாவலாக்காரர்களைவிட 59.5 வினாடி கூடுதலாக நடந்தார்கள். வலியும் குறைந்தது. ஐம்பத்தொன்பதரை! என் மகன் தேடி எடுத்துக் கொடுத்தான்.

அடையாறு ஆலமரம்:
மகன் பாதிதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஆய்வில் எல்லோருக்கும் நெஞ்சு வலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை இல்லாமல் ஸ்டென்ட் வேலை செய்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் மிஞ்சுவது 16.6.

பெரம்பூர் லோகோ:
59.5.

அடையாறு ஆலமரம்:
16.6.

மாம்பலம் மாமி:
ஏலம் முடிந்ததா? எங்கள் வீட்டுக்காரருக்கு தினம் ஆஸ்பிரின். மாரடைப்பு வந்தவர்களில் மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் ஆகாது என்று பெரிய ஆராய்ச்சியிலேயே இருப்பதாகக் குடும்ப குரூப்பில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் துலாம். நிறுத்திவிடலாமா?

கேத் லேப் தம்பி:
ஐயோ மாமி, நிறுத்தாதீர்கள்! 1988இல் வந்த ஐசிஸ் 2 ஆய்வு அது. மாரடைப்பு என்று வந்த 17,187 பேர். ஆஸ்பிரின் கொடுத்ததில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக் குழாய் சாவுகள் 23 சதவீதம் குறைந்தன. ஆட்களை இஷ்டத்துக்குக் கூறு போட்டுப் பார்த்தால் எவ்வளவு அபத்தமான முடிவும் வரும் என்று காட்டத்தான் ராசிவாரியாகப் பிரித்துப் போட்டார்கள். குத்தலுக்குச் செய்தது. மிதுனம், துலாம் என்றால் பலன் இல்லாதது போலத் தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

மாம்பலம் மாமி:
அதுவும் வெள்ளைக்காரர் ராசி, பிறந்த தேதியை வைத்து. நமக்குச் சந்திரன் நிற்பதுதானே ராசி? அவர்கள் கணக்கில் இவர் விருச்சிகம்.

திருவல்லிக்கேணி பஞ்சாங்கம்:
மாமி சொல்வது சரி. ஆனால் நம் சூரிய மாதக் கணக்கில் ஐப்பசியில் பிறந்தவருக்குச் சூரியன் துலாத்தில். வெள்ளைக்காரன் அயனாம்சம் (இரண்டு ராசிக் கணக்குகளுக்கும் இடையிலான பாகை வித்தியாசம்) கழிப்பதில்லை, எங்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் வருவான்.

பெரம்பூர் லோகோ:
பஞ்சாங்கம் சார், ராசிக்குத் தனித்திரி போடுங்கள். இங்கே 16 வினாடி ஓடுகிறது. நான் வார்த்தைக்கு வார்த்தை பேசுபவன் அல்ல, அளந்து பேசுபவன். இன்று சாயங்காலம் மாம்பலம் போய் மொபைலில் நேரம் வைத்து பாலம் ஏறினேன். நிதானமாக ஏறியும் 16 வினாடியில் 22 படி. வலிக்காரனுக்கு 22 படி என்ன என்று தெரியுமா? கடலைக்காரரைத் தாண்டுவதற்கும் தாண்டாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். உங்கள் 16.6ஐயே நான் ஏற்றுக்கொண்டாலும் ஜெயிப்பது நான்தான்.

அடையாறு ஆலமரம்:
ஆக 16.6ஐ ஏற்றுக்கொண்டீர்கள்.

பெரம்பூர் லோகோ:
"ஏற்றுக்கொண்டாலும்" என்று எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாதா?

மாம்பலம் மாமி:
அங்கேதான் 2023இல் ஆகாய நடைபாதை திறந்து எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்களே, எதற்குப் படியில் ஏறுகிறீர்கள்?

அடையாறு ஆலமரம்:
அதைக் கேளுங்கள் மாமி. 22 படி எஸ்கலேட்டர் படியா என்ன? இன்னொன்று. லோகோ சார் வைத்துக்கொண்டது 2016. ஸ்டென்டுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்தது 2017 பிப்ரவரியில், மருந்து தடவியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன் வைத்தவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். அவ்வளவு கொடுத்தவர் "16 வினாடிதான்" என்று கேட்டால் கோபம் வராமல் இருக்குமா? எனக்குப் புரிகிறது.

பெரம்பூர் லோகோ:
பணத்தைப் பற்றிப் பேசினால் எனக்கும் பேசத் தெரியும். உங்கள் மைத்துனருக்கு ஆஞ்சியோ முடிந்து மேஜையில் படுத்திருக்கும்போதே "இன்னொன்று போட்டுவிடலாமா" என்று வெளியே வந்து கையெழுத்துக் கேட்டார்களே, அந்த ஆத்திரத்தை என் ஸ்டென்ட் மேல் காட்டாதீர்கள். போன தீபாவளிக்கு நீங்களே எழுதியதுதான்.

அடையாறு ஆலமரம்:
அது வேறு. அதை இங்கே இழுக்கக் கூடாது.

கேத் லேப் தம்பி:
ஐயா, கடைசியாகக் கேட்கிறேன். 2016இல் வந்தது மாரடைப்பா, நடந்தால் வரும் வலியா? டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் பக்கத்திலேயே இருக்கும். அது தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பெரம்பூர் லோகோ:
தம்பி, ஃபைல் பரணில் இருக்கிறது. நான் ஸ்டூலில் ஏறக் கூடாது என்று மருமகள் உத்தரவு. நாளைக் காலை பெரம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் நேரம் வைத்து ஏறப்போகிறேன். அங்கே எஸ்கலேட்டரில் ஏறினேன் என்ற பேச்சு வரக் கூடாது, மகன் வீடியோ எடுப்பான்.

அடையாறு ஆலமரம்:
வீடியோ 16.6 வினாடி இருந்தால் போதும்.

மாம்பலம் மாமி:
அந்தக் கடலைக்காரர் இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா? வறுத்த கடலையா, அவித்ததா?