படிவச்சுமையா, படிவப்பாடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அரசு கேட்கும் படிவங்களாலும் சான்றுகளாலும் மக்களுக்கு ஆகும் நேரம், முயற்சி, செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும் என்று நம் கலைச்சொல் குழுவில் போன வாரம் ஐயா கேட்டிருந்தார். இதுவரை காகிதப்பணி, ஆவணச்சுமை, படிவச்சுமை என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காகிதப்பணி ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. இன்று பாதி வேலை கணினியில் நடக்கிறது, அதில் காகிதமே இல்லை. ஆவணம் என்றதும் நமக்குப் பத்திரமும் ஆவணக் காப்பகமும்தான் நினைவுக்கு வரும். படிவம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தாளில் நிரப்பினாலும் திரையில் நிரப்பினாலும் படிவம் படிவம்தான். என் மறுப்பெல்லாம் ‘சுமை’ மேல்தான்.

நாம் தமிழாக்கும் கட்டுரை, கல்வித் திட்டங்களிலும் மாற்றுத்திறனாளிகள் திட்டங்களிலும் அமெரிக்க அரசு கேட்கும் தகவல்களைப் பற்றியது. நாளை யாராவது ‘மாற்றுத்திறனாளிகள் திட்டங்களின் சுமை குறைப்பு’ என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? அந்தத் திட்டமே அரசுக்குச் சுமை என்றுதான். இன்னும் ஒரு படி போனால் அந்தப் பிள்ளைகளே சுமை என்று. “உங்களுக்கு இது பெரிய சுமைதான்” என்று உறவுக்காரர்கள் சொல்லிக் கேட்காத வீடு இருக்காது. என் அண்ணன் வீட்டில் நானே கேட்டிருக்கிறேன். ஊனமுற்றோர் என்பதை மாற்றி மாற்றுத்திறனாளி என்று அரசுத் துறையின் பெயரிலேயே கொண்டுவந்த மொழி இது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நாமே போய்ச் சுமையை உட்கார வைக்கக் கூடாது.

அண்ணன் மகளுக்கு மூளை முடக்குவாதம். அவர்கள் இருப்பது ஏற்காட்டுக்கு அப்பால், நாகலூர்ப் பக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்தில் ஆனது இருபது நிமிடம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மருத்துவர் பார்த்து, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போடுவதற்காக, காலையில் முதல் பேருந்தில் ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வர வேண்டும். எட்டாவது வளைவிலேயே பிள்ளைக்கு வாந்தி. அண்ணி மஞ்சப்பையில் மாற்றுத்துணி ஒரு பக்கமும், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் கட்டு ஒரு பக்கமும் வைத்துத்தான் கிளம்புவார். முதல் தடவை போனபோது பார்க்க வேண்டிய மருத்துவர் விடுப்பு. இரண்டாம் தடவை பார்த்தார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டது, ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னாலும் பிறப்புச் சான்றில் பின்னாலும் இருந்ததற்காக. காப்பி பழம் பறிக்கும் பருவத்தில் அண்ணனுக்கு மூன்று நாள் கூலி போயிற்று.

அன்று சாயங்காலம் வீடு திரும்பிய அண்ணி, “ஒரு அட்டை வாங்கறதுக்குள்ள படாத பாடு பட்டுட்டோம்” என்றார். நாம் தேடுகிற சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: படிவப்பாடு.

சுமை என்றால் யாரோ ஏற்றியது, இறக்கிவைக்கலாம், அவ்வளவுதான். பாடு என்றால் அதில் உழைப்பு இருக்கிறது, நேரம் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் சொல்வதும் இதைத்தான். 1980இல் வந்து 1995இல் திருத்தப்பட்ட, அரசு கேட்கும் படிவ வேலையைக் குறைப்பதற்கான அந்தச் சட்டத்தின்படி (Paperwork Reduction Act), நேரம், முயற்சி, பணம் மூன்றும் கணக்கில் வரும். படிவத்தை நிரப்பும் நேரத்தை மட்டும் அது பார்ப்பதில்லை. குறிப்புகளைப் படித்துப் புரிந்துகொள்வது, தகவலைத் தேடி எடுப்பது, சரிபார்ப்பது, அனுப்புவது எல்லாம் அதில் சேரும். பேருந்துப் பயணத்தை அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நம் மலைக்கு அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பயன்பாடு, மேம்பாடு போல இதிலும் பாடு வெறும் விகுதியாகத் தோன்றாதா என்று குழுவில் தோழி கேட்கக்கூடும். வயிற்றுப்பாடு என்பதை யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லையே. அதே அமைப்புதான் இதுவும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு படிவத்துக்கு இத்தனை மணி நேரம் ஆகும் என்று அந்த நாட்டுத் துறைகள் மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும். அந்த மணிக்கணக்குக்கும் ஒரு சொல் வேண்டும். ‘படிவப்பாட்டு மணி’ என்றால் பாட்டுக் கச்சேரி போல ஒலிக்கிறது. ‘பாடுநேரம்’ என்றாலும் அதே கதை. இரண்டு நாள் யோசித்தேன். நேரத்துக்கு மட்டும் ‘படிவநேரம்’ என்று வைத்துக்கொள்வோம். “இந்தப் படிவத்தின் படிவநேரம் இரண்டு மணி” என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அடுத்து, அரசு கொண்டுவரும் படிவத்தைப் பற்றி மக்கள் எழுதி அனுப்பும் கருத்து. அதற்கும் ஒரு சொல் வேண்டும். பொதுக்கருத்து என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஊரார் மனநிலையைக் குறிக்கும் சொல், இங்கே பொருந்தாது. மக்கள் அனுப்புவதைக் கருத்துரை என்றும், அரசு செய்வதைக் கருத்துக் கேட்பு என்றும் பிரித்தால் போதும். அந்தச் சட்டத்தில் கேட்பு இரண்டு தடவை நடக்கிறது. முதலில் துறை அரசிதழில் அறிவித்து 60 நாள் கேட்கும். பிறகு வெள்ளை மாளிகையைச் சேர்ந்த வரவு செலவு அலுவலகத்துக்குப் போகும்போது இன்னொரு 30 நாள். அங்கே ஒப்புதல் கிடைத்தால் படிவத்துக்கு ஓர் எண் வரும், அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு. செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. இந்த எண்ணுக்கு ‘ஒப்புதல் எண்’ போதும், புதிதாக ஆக்க வேண்டாம்.

படிவப்பாடு பெற்றோருக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விச் சட்டத்தை 2004இல் திருத்தியபோது, ஆசிரியர்களின் எழுத்துவேலையைக் குறைத்துப் பார்க்க 15 மாநிலங்கள் வரை சோதனை முறையில் விலக்குத் தரலாம் என்று சேர்த்தார்கள். நம் ஆசிரியர்களும் பாடம் நடத்தும் நேரத்தில் இணையத்தில் பதிவேற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறதா என்று குழுவில் உள்ள ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்.

சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1916இல் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் கணிதத்துக்கும் அப்போதே சொல் தேடினார்கள். தாலுகா அலுவலக வாசலில் நிற்பவர் படும் பாட்டுக்கு இன்னும் ஒரு பெயர் இல்லை. இங்கே நான் பார்த்த எந்தப் படிவத்திலும் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அச்சிட்டிருக்கவில்லை. எவ்வளவு என்று கேட்பதற்கே முதலில் ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

பட்டியலில் சேர்க்க என் வரைவு இது:

படிவப்பாடு (பெயர்ச்சொல்): அரசோ நிறுவனமோ கேட்கும் தகவலையும் சான்றையும் தருவதற்கு ஒருவருக்கு ஆகும் நேரம், உழைப்பு, செலவு, அலைச்சல். எ.கா.: தலைப்பெழுத்து வேறுபாட்டை அலுவலகமே சரிசெய்துகொண்டால் பெற்றோரின் படிவப்பாடு ஒரு நாள் குறையும்.

‘அலைச்சல்’ மூலச் சட்டத்தில் இல்லாததால் வரையறையிலிருந்து எடுக்கச் சொல்வீர்கள் என்று தெரியும். கட்டுரையின் மொழிபெயர்ப்பில் எடுத்துவிடலாம். நம் கலைச்சொல் பட்டியலில் அது இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.