ஆப்பிள்கிராஸுக்கு மோட்டார்ஹோமில் எந்த வழியாகப் போவது?

ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 சாலையில் முதல் நாளிலேயே சிக்கிக்கொண்டோம், வரைபடத்தில்தான்! செப்டம்பர் இரண்டாம் வாரம், ஏழு நாள், நான்கு பேர். இன்வர்னெஸில் தொடங்கி மேற்குக் கரை வழியாகச் சுற்றி, மீண்டும் இன்வர்னெஸ். மொத்தம் 830 கி.மீ. வண்டி 7 மீட்டர் நீள மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி). பணம் கட்டியாகிவிட்டது, சிறியதாக மாற்றித்தர மறுக்கிறார்கள்.

மேற்குக் கரையில் உள்ள ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு ஏறும் பியாலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம், ஒற்றைத் தடம், கொண்டையூசி வளைவுகள். பெரிய வண்டிகள் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பெயருக்கு 'மாடுகளின் கணவாய்' என்று பொருளாம். மாடு ஏறிவிடும், எங்கள் வண்டி ஏறாது. அதைக் கைவிட்டோம்.

ஷீல்டெய்க் கிராமத்திலிருந்து கரையோரமாக ஆப்பிள்கிராஸுக்கு இன்னொரு சாலை போகிறது. அதுவும் ஒற்றைத் தடம்தான். வீதிக் காட்சிப் படங்களில் ஒதுங்குமிடங்களை எண்ணிப் பார்த்தேன், அகலம் பிடிபடவில்லை. வாடகை நிறுவனத்தைக் கேட்டால், "ஓட்டுநரின் பொறுப்பு" என்கிறார்கள். இந்தியாவைப் போல இடப்பக்கம் ஓட்டுவது பழக்கம்தான். எதிரே வண்டி வந்தால் இவ்வளவு நீளத்தைப் பின்னால் எடுத்துத்தான் பழக்கமில்லை. அம்மாவுக்கு வளைவுகளில் தலைசுற்றும் வேறு.

7 மீட்டர் வண்டியில் இந்த ஷீல்டெய்க் சாலை வழியாக ஆப்பிள்கிராஸ் போய்த் திரும்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: போகலாமா, ஆப்பிள்கிராஸை விட்டுவிட்டு நேராக டாரிடன் கிராமத்துக்குப் போய்விடலாமா?