மறு: ‘வரம்பு மீறப்பட்டது’: மூன்று கோளாறுகளுக்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுத் தளத்தின் பிழைச்செய்திகளைத் தமிழாக்கும்போது, 3 வரிகளுக்கும் (கோரிக்கையின் வேகம் கூடுவது, அன்றைய இலவச அளவு முடிவது, தளமே திணறுவது) ‘வரம்பு மீறப்பட்டது’ என்றே போட்டுவிடலாம் என்று சென்ற வாரம் ஏறக்குறைய முடிவு செய்தோம். நானும் சரி என்றேன். அந்த ஒப்புதலை இப்போது திரும்பப் பெறுகிறேன். என் கடையில் நடந்ததுதான் காரணம்.

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதற்கு முந்தைய சில நாள்கள் சுவரொட்டி வடிவமைக்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பின்னணிப் படங்களை இப்போது இணையத்தளத்தில் விவரம் எழுதிக் கொடுத்துத்தான் பெறுகிறோம். அன்று மாலை கடையில் வேலை செய்யும் பெண் ஒரே பின்னணிக்கு அடுத்தடுத்து மாதிரிகள் கேட்டாள். ஆறு வந்தன. ஏழாவதற்குச் சிவப்புப் பட்டை: ‘பயன்பாட்டு வரம்பு மீறப்பட்டது’. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அண்ணா, ஏதோ தப்பு செய்துவிட்டேன். கணக்கை முடக்கிவிடுவார்களா?” என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விழாக்குழுப் பெரியவர், “எவ்வளவு கட்ட வேண்டும், சொல்லு தம்பி” என்று சட்டைப்பையில் கைவிட்டார்.

இருவரும் நன்றாகத் தமிழ் படிப்பவர்கள். ஒருவருக்கு அந்த வரி குற்றச்சாட்டாகத் தெரிந்தது, மற்றவருக்கு அபராதச் சீட்டாகத் தெரிந்தது. உலாவியில் வலையமைப்புப் பகுதியைத் திறந்து பார்த்தேன். நிலைக்குறி, அதாவது கோரிக்கை என்ன ஆனது என்று தளம் சொல்லும் எண், 429. மறுமொழித் தலைப்பில் ‘ரீட்ரை-ஆஃப்டர்: 38’ என்று இருந்தது. முப்பத்தெட்டு வினாடி பொறுத்தால் போதும். இதைச் சொல்லத் தெரியாத செய்தி எவ்வளவு நல்ல தமிழில் இருந்து என்ன பயன்?

429 என்ற குறி 2012 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 6585 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. குறிப்பிட்ட நேரத்துக்குள் கோரிக்கைகள் அதிகமாகிவிட்டன என்பதுதான் அதன் பொருள். விதிமீறல் என்ற பேச்சே அதில் இல்லை. ‘மீறு’ என்பதை நாம்தான் கொண்டுவந்து ஒட்டினோம். சட்டத்தை மீறுவோம், சொல்லை மீறுவோம். அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்போமே தவிர மீறியது என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

‘வரம்பு’ என்ற சொல்லிலும் எனக்குக் குறை உண்டு. அது வயல் வரப்பு. போட்ட இடத்தில் நிற்பது. இங்கே நடப்பது ஓட்டம். பல தளங்கள் கையாளும் முறை இது: ஒரு வாளியில் சீரான வேகத்தில் வில்லைகள் விழுந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு போகும், வாளி காலியானால் அடுத்த கோரிக்கை திருப்பி அனுப்பப்படும். அதனால்தான் முதல் சில படங்கள் வேகமாக வந்துவிட்டு, திடீரென்று நின்றுபோகின்றன. அந்த நேரத்தில் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவது கெடுதல். திருப்பி அனுப்பிய கோரிக்கையையும் கணக்கில் சேர்க்கும் தளங்கள் உண்டு. முதலில் சிறிது நேரம், பிறகு அதைப்போல் இருமடங்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வழி.

இந்த வேகக் கட்டுப்பாட்டுக்கு நான் முன்வைக்கும் சொல் மடையடைப்பு. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர் என் அம்மா. எங்கள் முறை முடிந்ததும் ஒரு பிடி வைக்கோலைச் சேற்றோடு உருட்டி வாய்க்கால் மடையில் வைத்து மிதிப்பார். தண்ணீர் அடுத்த கழனிக்குத் திரும்பும். மடை அடைபட்டதற்காக யாரும் யாரையும் குற்றம் சொன்னதில்லை. திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது கோளாறு வேறு. மறுநாள் ஒரு கணக்கில் அன்றைய இலவசப் படங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. செய்தி அதேதான்! இரவு 12 மணிக்குத் திறக்கும் என்று கண்விழித்துக் காத்திருந்தோம். திறக்கவில்லை. மறுநாள் பகல் 12.30க்குத்தான் வழிவிட்டது. அந்தத் தளத்தின் நாள் அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில் தொடங்குகிறது. கோடையில் அது நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. உலக நேரத்தைப் பின்பற்றும் தளமானால் விடியற்காலை 5.30. இந்த ஒரு விவரம் செய்தியில் இருந்திருந்தால் அந்தப் பெண் ஓர் இரவு தூங்கியிருப்பாள்.

இதற்கு ‘ஒதுக்கீடு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நினைவக ஒதுக்கீடு என்று அச்சொல்லுக்கு நம் துறையிலேயே வேறு வேலை கொடுத்தாகிவிட்டது. ‘நாட்படி’, ‘மாதப்படி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. பயணப்படியும் அகவிலைப்படியும் அன்றாடம் புழங்கும் சொற்கள்தானே. ‘படித்தீர்வு’ என்று முதலில் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். தீர்வு என்றதும் பிழைக்கு விடை கிடைத்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘நாட்படி முடிந்தது’ என்று வினையாகவே விடுவோம்.

மூன்றாவது, தளமே திணறுவது. குறி 503. அதற்கு ‘நெரிசல்’ போதும்.

இனி, வந்திருந்த மறுப்புகள்.

> மடை என்றதும் மாணவர்களுக்கு மடையன்தான் நினைவுக்கு வரும். நகரத்துப் பிள்ளைகள் மடையைப் பார்த்ததும் இல்லை.

காட்பாடி ஆசிரியை அம்மா சொல்வதை ஒதுக்க மாட்டேன். ஆனால் மடைப்பள்ளி என்று கோயிலில் எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மடையைப் பார்க்காதவரும் ‘மடை திறந்த வெள்ளம்போல்’ என்று மேடையில் பேசக் கேட்டிருப்பார். திறந்த மடை தெரிந்தவருக்கு அடைத்த மடை புரியும்.

> ஒரே கடையில் மூன்று கணினிகள். ஒன்றில்தான் படம் கேட்டோம். மற்ற இரண்டிலும் தடை வருகிறது. இதை எந்தச் சொல்லில் அடக்குவீர்கள்?

ஆம்பூர் ஐயா, இது எங்களுக்கும் நேர்ந்தது. உள்நுழையாமல் பயன்படுத்தினால் பல தளங்கள் இணைய முகவரியை வைத்தே ஆளை எண்ணுகின்றன. ஒரே வைஃபையில் இருக்கும் மூன்று கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். கைபேசியின் இணையத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் காரணம் இதுதான். அவரவர் கணக்கில் உள்நுழைவதே நிலையான வழி. இதற்குத் தனிச்சொல் வேண்டாம். ‘பொது மடை அடைப்பு’ என்றால் கழனி வேலை தெரிந்தவருக்கு உடனே விளங்கும், மற்றவருக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

செய்தி வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘மடை அடைபட்டிருக்கிறது. 38 வினாடியில் திறக்கும்.’
‘இன்றைய நாட்படி முடிந்தது. அடுத்த படி நாளை பகல் 12.30க்கு.’
‘தளத்தில் நெரிசல். உங்கள் படி குறையவில்லை. சற்றுப் பொறுத்து முயலவும்.’

எண்ணும் நேரமும் தளம் அனுப்பும் தகவலிலிருந்து வர வேண்டும், அதுவும் நம் கடிகாரப்படி. தளம் நேரம் அனுப்பாவிட்டால் நாமாக ஒன்றை எழுதக் கூடாது.

முதல் வரியைத் தாளில் அச்சிட்டு, எதுவும் சொல்லாமல் கடைப் பெண்ணிடம் நீட்டினேன். படித்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அதற்குள் வேறு சுவரொட்டியின் எழுத்துப்பிழையைத் திருத்தத் தொடங்கிவிட்டாள்.

கட்டணம் செலுத்தி வாங்கும் புள்ளிகள் தீர்ந்துபோவதை நாட்படியோடு சேர்க்கலாமா, பிரிக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. பணம் கொடுத்து வாங்கியதைப் படி என்பது பொருந்தாது என்று தோன்றுகிறது. ‘இருப்பு தீர்ந்தது’ என்று கைபேசிக் கணக்கில் சொல்வதையே இங்கும் சொல்லலாமா? பெரியவர்கள் திங்கள்கிழமைக்குள் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பை அன்று மாலை பூட்டுகிறார்கள்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து