செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே ஒரு நாள்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஜூன் கடைசியில் மாஸ்கோ போகிறோம். அங்கிருந்து ரயிலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் கையில் இருக்கிறது. கூட வருவது அம்மா. மூட்டுவலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார்.

ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் பாதி நாள் போய்விடும் என்பதால் அதை வெளியே நின்று பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். சரியா? அம்மா ஆசைப்படுவது கிரிபோயெதவ் கால்வாய்க் கரையிலுள்ள இரத்த மீட்பர் தேவாலயத்தை. 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் மீது குண்டு வீசப்பட்ட அதே இடத்தில் எழுப்பியது. உள்ளே சுமார் 7000 சதுர மீட்டருக்கு மொசைக் ஓவியங்களாம். அதை எப்படியும் காட்டிவிட வேண்டும். மதியம் 12 மணிக்குப் பீட்டர்-பால் கோட்டையில் பீரங்கி வெடிப்பதையும் கேட்க ஆசை, வழியில் அமைந்தால்.

எனக்குப் பெரிய குழப்பம் படகுதான். மொய்க்கா, ஃபொன்தாங்கா ஆறுகள் வழியாகப் போய் நேவா ஆற்றுக்கும் வரும் படகு எந்தத் துறையில் கிடைக்கும்? படகுத்துறைக்கு இறங்கும் படிகள் செங்குத்தா, கைப்பிடி இருக்கிறதா?

இரவு ஒரு மணிக்கு மேல் நேவா மீதுள்ள அரண்மனைப் பாலத்தைக் கப்பல்களுக்காகத் தூக்கித் திறப்பதை அம்மாவோடு பார்க்க முடியுமா? அந்நேரம் மெட்ரோ கிடையாது. பாலம் தூக்கிவிட்டால் அக்கரையில் மாட்டிக்கொள்வோம். அதனால் நெவ்ஸ்கி சாலைப் பக்கமே தங்க நினைக்கிறேன். நம் வீசா, மாஸ்டர்கார்டு அங்கே செல்லாது என்பதால் ரொக்கம் எவ்வளவு வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.